குடும்பத்துக்கு ஒரு கை

தலைவர் கல்யாணசுந்தரம் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, வென்ட்வேர்த்வில் தமிழர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களே, குசினிக்குள் நின்று இந்தக் கூட்டத்துக்குத் தேநீர் தயாரிக்கும் சகோதரிகளே,

நம் சங்கத்தைத் தொடக்கிய செல்வி மீனாம்பாள் ரீச்சர் நம்மை விட்டுப் போய்விட்டார். செயலாளர் என்ற முறையில் அவரைப் புகழ்ந்து பேசும்படி என்னை அழைத்தீர்கள். புகழத்தான் வந்தேன். ஆனால் வெட்கம் என்னைப் புகழவிடவில்லை.

யார் இந்த மீனாம்பாள்? பக்கத்து ஊரான பரமட்டாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மண்டபத்தில் நமக்கும் படிப்பித்தவர். ஆலைகள் புகை கக்கிய காலத்தில், இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில், கலப்பட மாவுக்கு அநியாய விலை கொடுத்துச் சலித்த நெசவாளர்கள் தாங்களே ஒரு கடை திறந்த கதையை அவர் சொல்லித்தானே நாம் அறிந்தோம்? எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. பெண்களும் தங்கள் பெயரிலேயே உறுப்பினராகலாம். எழுபத்திரண்டில் நாலு மூட்டை அரிசியோடு நம் சங்கம் பிறந்தது அந்தக் கதையிலிருந்துதான்.

விதிகளைத் தமிழில் எழுதியபோது நாம் என்ன செய்தோம்? 'ஆளுக்கு ஒரு வாக்கு' என்பதை 'குடும்பத்துக்கு ஒரு வாக்கு' என்று மாற்றினோம்; வீட்டுக்கு ஒருவரே உறுப்பினர், அது கணவனே என்றானது. யாரும் சதி செய்யவில்லை. அது நமக்கு இயல்பாகவே வந்தது. வெட்கம் அங்கேதான் இருக்கிறது.

அரிசி பங்கிடும் நாள்களை நினைத்துப் பாருங்கள். பெண்கள் உள்ளே பருப்பு நிறுப்பார்கள். நாம் வெளியே காரில் சாய்ந்து அரசியல் பேசுவோம். ஒருநாள் ரீச்சர் வெளியே வந்து என்னைக் கேட்டார்: "தேவராஜா, அரிசி நிறுக்கிறது அவையள், கையுயர்த்திறது நீங்களோ?"

"வீட்டில கதைச்சுப்போட்டுத்தானே வாறம், ரீச்சர்," என்றேன்.

"கதைச்சனீங்களோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில், மனைவியருக்கும் தனி வாக்கு வேண்டுமென்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். நம்மில் ஒருவர் எழுந்தார். "அப்ப கலியாணம் முடிச்ச வீட்டுக்கு ரெண்டு வோட்டு, உங்களுக்கு ஒண்டுதான். நட்டம் உங்களுக்கல்லோ, ரீச்சர்?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். "அந்த நட்டம் எனக்குப் பரவாயில்லை," என்றார். வாக்கெடுப்பில் உயர்ந்தது ஒரே ஒரு கை. தனியாக வாழ்ந்ததால் நம் விதிப்படி வாக்கு இருந்த ஒரே பெண்ணின் கை அது.

அந்தக் கையும் இன்று இல்லை. பெண்ணொருத்தி தொடக்கிய சங்கத்தில் இன்று ஒரு பெண்கூட உறுப்பினர் இல்லை. அப்படியிருக்க, மேடைக்குப் பின்னால் 'எங்கள் தாயே' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். நாம் அவரிடம் தாய்மையையா கேட்டோம்? அவர் நம்மிடம் கேட்டது மரியாதையையா? இந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கைத்தானே கேட்டார்?

சகோதரிகளே, தேநீர் ஆறினால் ஆறட்டும். வெளியே வந்து இந்தக் கதிரைகளில் அமருங்கள். நண்பர்களே, தயவுசெய்து இடம் விடுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற முடியாது என்று தலைவர் எனக்குச் சைகை காட்டுகிறார். நான் தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை, ஐயா. குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்றுதான் நம் விதி சொல்கிறது. அது கணவனின் வாக்கு என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே எங்கள் வீட்டு உறுப்பினர் இனி நானில்லை, என் மனைவி பத்மா. செயலாளர் பதவியும் இத்துடன் போகிறது. வரும் கூட்டத்தில் ரீச்சரின் தீர்மானம் மறுபடி வரும். அன்று பத்மா கூட்டத்தில் இருப்பார், நான் உள்ளே பருப்பு நிறுப்பேன். உங்களில் எத்தனை பேர் என்னோடு நிறுக்க வருவீர்கள்?

இன்று காலை பத்மாவிடம் சம்மதமா என்று கேட்டேன். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில், சங்க விஷயமாக நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம்," என்றார். "ஆனா எந்தப் பக்கம் கையுயர்த்துவன் எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை.