மாடி ஹாலில் பகல் வெளிச்சம்

சுவரில் ஒட்டுகிற விளக்குத் தட்டு வாங்குகிறவர்கள் முதலில் சுவரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பட்டி பார்த்த தூசி இருந்தால் டேப் பிடிக்காது, கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக உதிரும். எங்கள் வீட்டில் ஒன்றுகூட உதிரவில்லை. துடைத்தது நான்.

நீங்கள் அதைக் கேட்கவில்லை என்று தெரியும் மேடம். பானுப்ரியா ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பியிருக்கிறாள் என்றீர்கள். அன்றைக்கு மாடி ஹாலில் அவள் கையில் பிடித்திருந்த இரண்டு நூலும் அந்த வெளிச்சத்தில் என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்று. பதில் சொல்கிறேன். ஆனால் வாக்குமூலத்தில் பதிலை மட்டும் எழுதிக்கொண்டால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குணசுந்தரி. ஆரணி கொசப்பாளையத்தில் பட்டு வியாபாரம் செய்யும் தனசேகரனின் அக்கா. பானுப்ரியா அவன் மனைவி. என்னைச் செய்யாரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அதே பஸ்ஸில் வந்த ஒருத்தியோடு ஒரு நாள் தனிக்குடித்தனம் போய்விட்டார். நான் ஆரணிக்குத் திரும்பினேன். தம்பி ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் நல்லவன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. நிறம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டார் ஒரு ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து இதே நிறத்தில் புடவை வேண்டும் என்பார்கள். சாயம் போட்ட பட்டு நூல் சுற்றிக் கட்டிய சிட்டம் சிட்டமாக எங்களிடம் இருக்கும். உடலுக்கு எது, கரைக்கு எது, முந்திக்கு எது என்று பொறுக்கி நெசவுக்குக் கொடுக்க வேண்டும். அரக்கு என்றால் ஒரே அரக்கு இல்லை. மயில்கழுத்திலேயே பல மயில்கள் உண்டு. தப்பான சிட்டம் தறியில் ஏறிவிட்டால் அந்தப் புடவையைக் கேட்டவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் எங்கள் தொழிலில் யாரும் நூலை வீட்டுக்குள் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள்.

குணா பார்த்துக் கொடுத்தால் நிறம் தப்பாது என்று தெருவே சொன்னது. புருஷன் விட்டுப்போனவள் என்று சொல்வதற்குப் பதிலாக அதைச் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பானுப்ரியா களம்பூர்ப் பெண். அவள் அப்பா அரிசி மில்லில் தரம் பார்க்கிறவர். ஒரு பிடி அரிசியைக் கையில் வாங்கியதும் எது புதுசு, எது போன அறுவடை என்று அவளும் சொல்வாள். பட்டு அவளுக்குப் புதிது. வந்த புதிதில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அடக்கமான பெண், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒரு நாள் சந்தவாசலிலிருந்து பெண்வீட்டார் வந்திருந்தார்கள். கரைக்கும் முந்திக்கும் ஒரே அரக்கு வேண்டும் என்றார்கள். நான் வாசலில் வைத்துப் பார்த்து, பொறுக்கி, கொடுத்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்த பானு சொம்பை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இதுல ஒண்ணுல கொஞ்சம் நீலம் ஓடுதுங்க.”

மறுபடி வாசலுக்குப் போனோம். ஓடியது. அவள் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே, “சின்னம்மா கண்ணு ஷோக்கா கீதுங்க,” என்றாள். தம்பியும் சிரித்தான். பானு மட்டும் சிரிக்கவில்லை. பின்னால் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். திமிராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த மன்னிப்பை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் தம்பி அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினான். வருகிறவர்கள் சின்னம்மா இருக்கிறார்களா என்று கேட்டு வந்தார்கள். நீ ரெஸ்ட் எடு அக்கா என்றான் தம்பி. ரெஸ்ட் என்றால் சமையலறை.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் தம்பி அதைப் பார்த்துவிட்டு வந்தான். தேன்கூட்டு அறை மாதிரி ஆறு மூலைத் தட்டுகள். ஒன்றோடொன்று கோத்துச் சுவரில் எப்படி வேண்டுமானாலும் படரவிடலாம், நிறத்தைப் போனிலேயே மாற்றலாம். மாடி ஹாலில் அதை ஒட்டி, அதன் முன்னால் பானுவை உட்கார வைத்து, புடவையை வீடியோவில் காட்டி விற்கப்போகிறேன் என்றான். தட்டுகள் இடைவெளியில்லாமல் படர வேண்டும் என்பதற்காகத் தெருப்பக்கத்து ஜன்னலைப் பிளைவுட் வைத்து அடைத்தான். அழகாகத்தான் இருந்தது. படரும் வடிவத்தைத் தரையில் அடுக்கிப் பார்த்துச் சொன்னதே நான்தான்.

மாட்டிக்கொடுத்தவர் இளஞ்செழியன், தம்பியின் சிநேகிதர், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். பானு அப்போது உண்டாகியிருந்தாள். அம்மா வீட்டுக்குப் போனவளை அழைத்துவரத் தம்பி களம்பூர் போயிருந்த நாள் அது. வீட்டில் இருந்தது என் போன் மட்டும். முதலில் யார் போனில் பதிவாகிறதோ அவர்தான் இந்த விளக்குக்கு முதலாளி, மற்றவர்கள் போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான் என்றார் செழியன். எனக்கு எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் என்று ஒரு வெளிச்சம், தீபாவளி என்று ஒன்று, பகல் வெளிச்சம் என்று ஒன்று. பேர் வைத்துச் சேமித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பகல் வெளிச்சம் என்ற பெயர்தான் தம்பியை மயக்கிவிட்டது. பானு பழக்கதோஷத்தில் சிட்டத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் அவனுக்கு முகம் சுண்டிவிடும்.

“எதுக்கு நூலைத் தூக்கிகினு வாசலுக்கு ஓடறே? பகலு இங்கியே கீதுல்ல?”

அவன் ஆசையாக வாங்கிய பொருள். அவள் வாசலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு நல்ல விளக்கானாலும் அதை நம்பி நூல் பொறுக்கக்கூடாது என்பது அந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வெளிச்சத்தை ஒரே நாளில் மாற்றினால் கண் கண்டுபிடித்துவிடும். தினமும் துளித் துளியாக மாற்றினால் கண் பழகிக்கொள்ளும். வெள்ளையில் ஒரு துளி மஞ்சள், அடுத்த நாள் இன்னொரு துளி. பெயர் அதே பகல் வெளிச்சம். பருப்பு வேகும் நேரத்தில் போனிலேயே செய்துவிடக்கூடிய வேலை. யாரையும் தொடவில்லை, யாரையும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் திரும்பி வந்தது ஒரு மாம்பழ மஞ்சள் புடவை. உடல் ஒரு மஞ்சள், கரை ஒரு மஞ்சள். பெண்ணின் தாய்மாமன் அதைத் தெருவில் விரித்துப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். தம்பி தலைகுனிந்து நின்றான். அடுத்து இன்னொன்று வந்தது. பானு சாப்பிடாமல் இருந்தாள். நான்தான் ஊட்டிவிட்டேன், வயிற்றில் பிள்ளை இருக்கிறதே.

அவள் முட்டாள் இல்லை. இந்த லைட்டால் இருக்குமோ அண்ணி என்று ஒரு நாள் கேட்டாள். சோதித்துப் பார்த்துவிடலாமே என்றேன். அவள் சிட்டங்களை எடுத்துவருவதற்குள் செழியன் வைத்த பழைய வெளிச்சத்துக்கே மாற்றிவிட்டேன். உள்ளே பார்த்தாள், வெளியே பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. விளக்கின் மேல் அவளுக்கிருந்த சந்தேகம் அன்றோடு போனது. மிச்சம் இருந்தது அவள் கண் மட்டும்தான்.

நீங்கள் கேட்ட நாள் அதற்குப் பிறகு வந்தது. வெளிச்சம் மறுபடி என் வெளிச்சமாகியிருந்தது. அவள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். இரண்டு கையிலும் ஒவ்வொரு சிட்டம், இரண்டும் மயில்கழுத்து. பயந்திருந்தாள்.

“அண்ணி, உண்மையச் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுதுங்க. உங்களுக்கு எப்டித் தெரியுது?”

“வேற வேறயா கீதும்மா,” என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெளியே அவை வேறுவேறுதான், ஒன்றில் பச்சை தூக்கலாக இருந்தது. ஆகவே நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாகாது. அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

கண் டாக்டரிடம் போனார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுக் கண் அருமையாக இருக்கிறது என்றார். நம் ஊரில் டாக்டர் அப்படிச் சொன்னால் யாருக்கும் நிம்மதி வராது. அவருக்குப் பிடிபடவில்லை என்றுதான் நினைப்பார்கள். பிள்ளைத்தாச்சிக்கு உடம்புச் சூடு கண்ணில் இறங்கும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் கண்ணுக்கு இலைப்பால் விடுகிறவர் இருக்கிறார் என்பது எனக்கு யாரோ சொல்லித் தெரியும். அதைத் தம்பியிடம் சொன்னேன். கூட்டிப்போனது அவன். விட்டது அந்த ஆள். நான் கூடப்போனேன், அவ்வளவுதான்.

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சொட்டு விழுந்ததும் துள்ளினாள். அசையக்கூடாது என்று அந்த ஆள் சொன்னதால் நெற்றியையும் தாடையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எரிகிறது அண்ணி, எரிகிறது அண்ணி என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். எரிந்தால்தான் அழுக்குப் போகும் என்றார் அந்த ஆள்.

இரண்டு கண்ணும் சிவந்து வீங்கின. அடுத்த வாரம் மறுபடி வரச்சொல்லியிருந்தார். அவளுக்கு மனமில்லை. தம்பிகூட வேண்டாம் என்றுதான் இழுத்தான். நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

“கண்ணு தெளிஞ்சாத்தாம்மா நூலு பாக்க முடியும். உன் இஷ்டம்.”

அவளாகவே காரில் ஏறினாள்.

பிறகு நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. கருவிழி இரண்டும் வெந்து புண்ணாகிவிட்டன என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். புண் ஆறியது. வெள்ளை படிந்தது. இனியா பிறந்தபோது அவள் பிள்ளையின் முகத்தை விரலால் தடவித்தான் பார்த்தாள். மூக்கு யார் மாதிரி அண்ணி என்று கேட்டாள். உன் மூக்குத்தான் என்று சொன்னேன், அது உண்மை. அன்றிலிருந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்டது யார் என்று தெருவில் விசாரித்துப் பாருங்கள். நூல் பார்க்கும் வேலையும் பழையபடி என்னிடம் வந்தது. நான் கேட்கவில்லை. வேறு ஆள் இல்லை.

அந்த விளக்குகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை, கழற்றிவிடுகிறேன் என்று தம்பி செழியனை வரவழைத்தான். கழற்றுவதற்கு முன்னால் போனிலிருந்து நீக்க வேண்டும் என்று செழியன் என் போனைக் கேட்டார். கொடுத்தேன். பழைய வெளிச்சத்துக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். அந்த ஹாலில் நூல் பொறுக்க ஆள் இல்லாமல் போனதால் அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. அவர் போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அக்கா, நான் வெச்ச பகல் வெளிச்சம் இது இல்லியே. யாரு மாத்துனது?”

தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் மாற்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தம்பி என்னை அடிக்கவில்லை. பிள்ளையை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு கீழே போனான்.

டாக்டர் நல்ல கண் என்று சொன்ன அன்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். அவள் தலை என் மடியில் இருந்தபோதும் சொல்லியிருக்கலாம். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் ஒரு வாரம் முழுக்க இருந்தது. நான் சொல்லவில்லை. கண்ணில் ஒன்றுமில்லை என்று அந்த வண்டியில் போனவர்களில் எனக்கு மட்டும் தெரியும். தெரிந்துதான் பிடித்துக்கொண்டேன்.

இனி அவள் கேட்டதற்குப் பதில், எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மாடி ஹாலில் அந்த இரண்டு மயில்கழுத்தும் எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தன. யார் பார்த்திருந்தாலும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

அவளிடம் போய்ச் சொல்லுங்கள் மேடம், அவளுடையது நல்ல கண். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். அந்த வீட்டில் அதைச் சொல்லத் தகுதியுள்ளவள் நான் ஒருத்திதான்.