பையை எடுக்க மாட்டேன்

வாடகை வீடு விஷயத்துக்கு வர்றேன் தோழர்களே. அதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். பின்னாடி டீக்கடையில நிக்கிறவங்களும் காதைக் குடுங்க... உங்களுக்கும் சேத்துத்தான்.

எழிலரசின்னு ஒரு நர்ஸு. விருத்தாசலம் பக்கத்துப் பொண்ணு. சென்னையில ஒத்த ரூம்ல குடித்தனம், கூட ஒரு நாய். வாலு முறுக்கு மாதிரி சுருண்டிருக்கும், அதனால பேரே முறுக்கு. டெல்லியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருச்சு. மறுநாள் காலையில போய்ச் சேரணும். நாயைப் பாத்துக்க ஆள் இல்ல. விட்டுட்டுப் போகணும்னா ஏர்போர்ட் வாசல்லதான் விடணும்...

விமானத்துல நாயை ஏத்துவாங்களான்னு கேக்குறீங்களா? அந்தக் கம்பெனியில ஏத்துவாங்க. பையோட சேத்து இத்தனை கிலோவுக்குள்ள இருக்கணும், ஊசி போட்ட சீட்டு இருக்கணும், பணம் கட்டியிருக்கணும். அவ்வளவுதான். முன்சீட்டுக்கு அடியில பையை வெச்சு, நம்ம காலடியிலேயே கூட்டிட்டுப் போகலாம். இந்தப் பொண்ணு எல்லாத்தையும் முறையா செஞ்சிருந்தா.

செக்-இன்ல பையைத் தராசுல வெச்சா. எடை சரியா இருக்கு. அங்க இருந்த ஆபீசர் பையோட வலை வழியா எட்டிப் பாக்குறார்.

"என்ன சாதிம்மா இது?"

"நாய் சார்."

"நாய்னு தெரியுதும்மா. லேப்ரடாரா, பொமரேனியனா, என்ன சாதி?"

"நாட்டு நாய் சார்."

"நாட்டு நாய்னா... தெரு நாயா?"

வரிசையில பின்னாடி ஒருத்தர். அவர் கையிலயும் ஒரு பை. உள்ள மூக்கு சப்பையா ஒரு நாய், ஸ்வெட்டர் எல்லாம் போட்டு. அவர் குறுக்க வந்து சொல்றார்: "சார், நம்மளது அசல் பக் சாதி. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சர்டிபிகேட் இருக்கு."

அவரோட அப்பா அம்மாவுக்கு இல்லங்க... நாயோட அப்பா அம்மாவுக்கு!

அதைப் பக்கத்துத் தராசுல வெக்கிறாங்க. எடை கூடுது. கூடுதுங்க! ஆபீசர் என்ன பண்ணார்? சிரிச்சார். "பரவால்ல சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். அழகா இருக்கான்."

கவனிச்சீங்களா? முறுக்கு 'இது'. ஸ்வெட்டர் போட்டது 'அவன்'. ஒரே நிமிஷத்துல!

இந்தப் பக்கம் திரும்புறப்ப அந்தச் சிரிப்பு போயிருச்சு. "தெரு நாயெல்லாம் ஏத்துறது கஷ்டம்மா. யாரையாவது கடிச்சு வெச்சா? பையை எடு. ஓரமா நில்லு. மேனேஜரைக் கேக்கணும்."

ஓரமா நில்லு... நமக்கு இது புதுசா? எத்தனை இடத்துல கேட்டிருக்கோம்!

எழிலரசி நகரல. "எடை சரியா இருக்கா சார்?"

"இருக்கு."

"ஊசி சீட்டு?"

"இருக்கும்மா."

"அப்ப எதுதான் இல்ல?"

ஆபீசர் மறுபடியும் வலை வழியா நாயையே பாக்குறார்.

"சாதி பாத்துத்தான் நாயை ஏத்துவோம்னு உங்க ரூல்ல இருந்தா காட்டுங்க. இல்லன்னா, இன்ன காரணத்தால ஏத்த மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அதுவரைக்கும் பையை எடுக்க மாட்டேன்."

வரிசையில சத்தம் கிளம்புது. யாரைப் பாத்து? ஆபீசரைப் பாத்தா? அவளைப் பாத்து! "ஏம்மா, ஒரு தெரு நாய்க்காக இத்தனை பேரை நிக்க வெக்கிறியே!" "படிச்ச பொண்ணுதானே நீ?" அவளுக்குக் கை நடுங்குது. கண்ணு கலங்குது. பை... தராசுலேயே இருக்கு.

ஆபீசர் பேனாவைப் பாக்குறார். பேப்பரைப் பாக்குறார். எழுதுவாரா? வாயால ஆயிரம் சொல்லுவாங்க தோழர்களே. அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, பேனா நகராது. கடைசியில போர்டிங் பாஸைக் கிழிச்சு நீட்டினார். "போ, போ."

ஏறியாச்சு. முறுக்கு பைக்குள்ள சுருண்டு படுத்திருச்சு, மூச்சுச் சத்தம்கூட இல்ல. பக்கத்து சீட்டுல ரிட்டயர்டு அதிகாரி ஒருத்தர். நல்ல மனுஷன் மாதிரிதான் சிரிச்சார்.

"எந்த ஊரும்மா?"

"விருத்தாசலம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

கிராமத்துப் பேரைச் சொன்னா.

"ஓ... ஊருக்குள்ளேயா? இல்ல, ஏரியைத் தாண்டி அந்தப் பக்கமா?"

"ஏன் சார்?"

"சும்மாத்தான். அப்பா பேரு?"

சொன்னா. அந்தப் பேரை வெச்சு ஒண்ணும் பிடிபடல அவருக்கு. குரலைத் தாழ்த்திக்கிட்டார்.

"தப்பா நினைக்காதம்மா... நீங்க என்ன ஆளுங்க?"

எழிலரசி காலடியில இருந்த பையைப் பாத்தா. அவரைப் பாத்தா. "சார், நாய் பேசாமத் தூங்குது. ஏறினதுல இருந்து மோப்பம் பிடிச்சிக்கிட்டு இருக்கிறது நீங்கதான்."

கை தட்டாதீங்க! தட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவீங்க, எனக்குத் தெரியும்.

'என்னய்யா, எங்களை நாயோட சேத்துப் பேசுற'ன்னு யாருக்காவது கோவம் வருதா? வரட்டும். ஆனா சேத்தது நான் இல்ல. தராசுல இருந்த நாயைப் பத்திக் கேட்ட கேள்வியும், சீட்டுல இருந்த அவகிட்ட கேட்ட கேள்வியும் ஒரே கேள்வி. நாய்க்குச் சாதி ஒட்டி வெச்சவன்தான் நமக்கும் ஒட்டி வெச்சான்.

இப்ப வீட்டுக்கு வர்றேன். நம்ம கலையமுதன் இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு கேட்டுப் போனார். வேலை இருக்கு, கையில அட்வான்ஸ் இருக்கு, எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. கடைசியா என்ன கேட்டாங்க? சத்தமா சொல்லுங்க... ஆமா, அதே கேள்விதான். பதிலைக் கேட்டதும், 'சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்ல'ன்னுட்டாங்க. சொந்தக்காரங்க வந்துட்டாங்களா? அதோ, திரும்பிப் பாருங்க. வீடு வாடகைக்குன்னு எழுதின போர்டு இன்னும் அந்த கேட்டுலதான் தொங்குது!

நாளைக்குக் காலையில அந்த கேட்டுக்கு எல்லாரும் போறோம். கெஞ்சப் போகல. வீட்டைக் கொடு, இல்லன்னா ஏன் கொடுக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுன்னு கேக்கப் போறோம். கை நடுங்கும்... நடுங்கட்டும். ஓரமா நில்லும்பாங்க. நம்ம பின்னாடி நிக்கிறவனே, 'நேரமாகுது, நகரு'ம்பான்.

பையை மட்டும் எடுத்துடாதீங்க.