மூடி போட்ட வெங்காயம்

இல்ல பாய், அது வாணாம். கரண்டுல ஓடறதெல்லாம் எங்கூருக்கு ஒத்து வராது, நாம சுவிட்ச போடறப்பத்தான் கரண்டு பூடும். அந்தக் கயிறு இழுத்து வெங்காயம் அரியற டப்பாவ எடுங்க. இது இன்னா, மூணு பிளேடா? அஞ்சு பிளேடு கீதா? ரெண்டையும் காட்டுங்க. மொதல்ல ஒன்னு சொல்லுங்க, இதுல அரிஞ்சா கண்ணு எரியாதுல்ல?

எரியாதுன்னு அட்டையில போட்டுக்கீதா? அட்டையில இன்னா வேணா போடுவான். ஒட்டவே ஒட்டாதுன்னு சொல்லி சந்தையில ஒருத்தன் தோசக்கல்லு குடுத்தான். மொத தோசய பேத்து எடுக்கறதுக்குள்ள கரண்டி வளஞ்சிப் போச்சு. நீங்க என் எதிர்லயே ஒரு வெங்காயத்தப் போட்டு இழுத்துக் காட்டுங்க. உள்ள உங்கூட்டம்மா அமீனா பீவியாண்ட கேளுங்க, வூட்டுல வெங்காயம் இல்லாமயா பூடும்.

முழுசா போடக் கூடாதா? நாலா அரிஞ்சித்தான் போடணுமா? தோ பாத்தீங்களா, அதுக்கே கண்ணு எரியுமே! செரி, அத நான் அரிஞ்சி வெச்சிர்றேன். அவரு கயிறு மட்டும் இழுக்கட்டும். அவருன்னா எங்கூட்டுக்காரரு, ஏசுதாஸு. ஆமா, அவருக்குத்தான் வாங்கறேன். ஏன் சிரிக்கிறீங்க?

சமையக்கட்டு எந்தப் பக்கம்னே தெரியாத மனுசன் பாய். கல்யாணமாயி இருவத்தாறு வருசத்துல ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிச்சவரில்ல. இப்ப ரெண்டு மாசமா சாய்ந்தரமானா மொறத்துல வெங்காயத்தப் போட்டுக்கினு பின்னால துணி தொவைக்கிற கல்லாண்ட போய் குந்திக்கிறாரு. அர கிலோ! பையன் ஒரகடத்துல கம்பெனி ரூம்ல கீறான். ரெண்டு பேர் துன்ற வூட்டுக்கு அர கிலோ வெங்காயம் எதுக்கு? வரும்போது கண்ணு ரெண்டும் செவந்து கீது. இன்னாய்யான்னா, வெங்காயம்டின்றாரு. குடிக்கிறாரோன்னு மோந்து பாத்தேன், இல்ல. பக்கத்து வூட்டு அம்முலு வேற, யாரோ பொம்பள சகவாசம்னு ஏத்தி வுட்டா. அவரு செல்போன நோண்டிப் பாத்தேன், ஒன்னுமில்ல.

வெங்காயமா, இல்ல மனுசன் நெசமாவே அழுவுறாரா? எனக்கு அது தெரிஞ்சாவணும். நேரா கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. இந்த டப்பாவுல மூடி போட்டு இழுத்தா வெங்காயத்து மேல பழி போட முடியாதுல்ல?

இழுங்க. இன்னும் இழுங்க. பரவால்ல, பொடியாத்தான் வருது. மூஞ்சிய கிட்ட வெச்சிக்கினுதான் கீறேன், எரியல. மூடியத் தொறந்தா எரியும்ன்றீங்களா? தொறக்கறது நானு பாய். அவரு எழுந்து போனப்புறம்தான் தொறப்பேன்.

அவரு அழுதா உனக்கின்னாம்மான்றீங்களா?

எங்க வூட்டுல டெய்லி ஏழு மணிக்கு ஜெபம். புள்ளைங்க பேர சொல்லி அவருதான் வேண்டுவாரு. பொண்ணு ஷாரோன் போன வருசம் அவ இஷ்டத்துக்கு கட்டிக்கினு பூட்டா. அன்னியிலேர்ந்து ஜெபத்துல அவ பேரு வர்றதில்ல. இந்த வூட்டுல ஒருத்தரும் அவளுக்காக கண்ணீர் வுடக் கூடாதுன்னுட்டாரு. நான் பைப்பத் தொறந்து வுட்டுக்கினு அழுவேன், சத்தம் கேக்காம. அவரு எத வெச்சிக்கினு அழுவாரு? அதான் சந்தேகம்.

அந்த அஞ்சு பிளேடே குடுங்க. பையெல்லாம் வாணாம், அப்படியே குடுங்க, நேரமாவுது. ஷாரோன் வந்து கீறா பாய், எங்க தெருவுலயே, என் தங்கச்சி பிரிஸ்கில்லா வூட்டுல. முழுவாம கீறா, ஏழு மாசம். இன்னிக்கு இதுல வெங்காயம் அரிஞ்சி அவரு கண்ணு கலங்கிச்சின்னா, கையப் புடிச்சி கூட்டியாந்து ஜெபத்துல அவரு பக்கத்துலயே குந்த வெச்சிருவேன். கலங்கலன்னா திரும்ப அவ புருசன் ஊருக்கே வந்தவாசி பஸ்ஸு ஏத்திரணும். வந்ததுலேர்ந்து தோள்ல மாட்டுன பையக்கூட எறக்கி வெக்காம குந்திக்கினு கீறா.