ஞாயிற்றுக்கிழமை மூச்சும் திங்கட்கிழமை மூச்சும்

திண்டுக்கல் தொழிலாளர் உடல்நல ஆய்வு மையத்திலிருந்து பணி நிறைவு பெறும் மருத்துவர் கமர்ஜஹான் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தும் கலங்கியும் வாசித்தளிக்கும் மடல்

பஞ்சுத் தூசியில் பரிதவிப்போரின் மூச்சைத் தேடி நடந்த பண்பின் உருவே! ஊரே அஞ்சிய இடத்தில் ஓங்கி நின்ற உயர்வே! எங்கள் டாக்டரம்மா!

இத்தகைய மடல்களில் மகிழ்ச்சி முதலில் வரும். எங்களுக்கு முதலில் வருவது பயம். மறைத்து எழுதினால் கேட்கும்போதே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் மறைக்கவில்லை.

தோல் பதனிடும் ஷாப்புகள், பூட்டுப் பட்டறைகள், பூச்சிமருந்து தெளிக்கும் சேவுகம்பட்டித் தோட்டங்கள் என்று கால் நூற்றாண்டாக எங்களை அழைத்துப் போனீர்கள். இருமல் எத்தனை நாளாக என்று கேட்பதற்கு முன், வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னீர்கள். சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் அவர் இருமலை மறைப்பார் என்பது எங்களுக்கு மெல்லத்தான் விளங்கியது.

கடைசியாக வந்தது நூற்பாலை ஆய்வு. ஆலைக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தொழிலாளர்கள் பயந்ததால், விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் மூச்சின் வலுவை அளக்கும் கருவியை வைத்து ஊதச் சொன்னோம். அத்தனை பேரும் நன்றாக ஊதினார்கள். சேதி எப்படியோ போய், எல்லோர் மூச்சும் நலம் என்ற மகிழ்ச்சியில் மறுநாளே ஆலையிலிருந்து லட்டுப் பெட்டி வந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது.

"தப்பு நடந்துபோச்சு. ஞாயித்துக்கிழமைன்னு நாந்தான் சொன்னேன். ஒரு நாள் லீவுல நெஞ்சு தெளிஞ்சிரும். லீவு முடிஞ்சு மொத நாள் தூசிக்குள்ள நின்னுட்டு வரட்டும், அப்பத்தான் அடைக்கிறது தெரியும்" என்றீர்கள். தம் முடிவைத் தாமே தவறென்று தள்ளி வைத்த தகைமைக்கு எங்கள் தலைவணக்கம்!

அடுத்த திங்கட்கிழமை காலை, தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஆலை வேன் வரும் முன் ஊத வைத்தோம். மாலையில் எரியோடு சாலையில் வேன் திரும்பியதும், இறங்கியவர்களோடு ஆலை மேற்பார்வையாளரும் குதித்தார்.

"ஏலே, யாரைக் கேட்டு வண்டிய மறிக்கிறீங்க?"

"வண்டிய மறிக்கல அப்பு. எறங்குனவுகளத்தான் கூப்பிடுறோம். நீங்களும் வந்து ஊதுங்க, பஞ்சு உங்க மூக்குலயுந்தான போகுது" என்றீர்கள்.

அவர் செல்போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினார். பெண்கள் அனைவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் பெலிக்ஸ் கருவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஓர் அம்மா மட்டும் வாய் திறந்தார். அவர் பெயரையோ ஊரையோ எழுதமாட்டோம். எழுதக்கூடாது என்று கற்றுத் தந்தவர் நீங்கள்தானே. "படம் புடிக்கிறாக டாக்டரம்மா. வேலை போச்சுன்னா நீங்களா கஞ்சி ஊத்துவீக?"

"என்னால முடியாது தாயி. அதான் கட்டாயப்படுத்தல."

நடக்கத் தொடங்கிய அந்த அம்மா திரும்பி வந்தார். செல்போனுக்கு முதுகைக் காட்டி நின்று ஊதினார். காலையில் மேலே ஏறியிருந்த முள், மாலையில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "அவளே ஊதிட்டா, நமக்கென்ன? பலூன் வாங்கித் தருவீகளா?" என்று மற்றவர்களும் சூழ்ந்தார்கள். சிரித்துக்கொண்டே ஊதியவர்களின் மூச்சும் குறைந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா வேனில் இல்லை. வீட்டுக்குப் போனோம். "நானா நின்னுக்கிட்டேன்னு எழுதி வாங்கிட்டாக. போகட்டும். திங்கக்கிழம மூச்ச மட்டும் விட்டுராதீக, டாக்டரம்மா. நான் வேலைய விட்டது அதுக்காகத்தான்னு இருக்கட்டும்" என்றார்.

வரும் வியாழக்கிழமை அதிகாரிகள் முன்னிலையில் இந்த ஆய்வறிக்கையைப் படிக்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மட்டும் படித்தால் போதும் என்கிறது ஆலைத் தரப்பு. "அந்தம்மா ரிட்டையர் ஆகட்டும், பிள்ளைகள்ட்ட பேசிக்கலாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பேசவும் தொடங்கிவிட்டார்கள். முத்துக்கிருஷ்ணனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு: "குடும்பம் இருக்குல்ல தம்பி?" அனிஷாவின் வீட்டுத் தெருவில் ஆலையின் கார் நின்றுவிட்டுப் போகிறது. நாங்கள் அனைவரும் ஒப்பந்தப் பணியாளர்கள். எங்கள் ஒப்பந்தத்தை நீட்டிப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

அதனால்தான் கேட்டோம்: "மேடம், வியாழக்கிழம மட்டும் வந்து சும்மா உக்காந்துருங்க."

"நான் வந்தா ரிட்டையரான கெழவி பேச்சுன்னு முடிச்சிருவாங்க. நீங்க பேசுங்க."

"பயமா இருக்கு மேடம்."

"எனக்கும் அன்னிக்கு வேன்கிட்ட பயமாத்தான் இருந்துச்சு. சேலைக்குள்ள காலு நடுங்குனது உங்களுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்."

அஞ்சாதவர் என்று இத்தனை காலம் உங்களைத் தவறாகப் புகழ்ந்துவிட்டோம், அம்மா! மன்னியுங்கள்.

எனவே எங்கள் முடிவைச் சபையறியச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் படிப்போம், திங்கட்கிழமைக் கணக்கையும் படிப்போம். மலர்விழி தொடங்குவார். அவர் குரல் அடைத்தால், நின்ற வரியிலிருந்து பெலிக்ஸ். அவரை உட்காரச் சொன்னால் அனிஷா. அனிஷாவையும் தடுத்தால் முத்துக்கிருஷ்ணன். நாங்கள் நால்வர்தான் இருக்கிறோம், அறிக்கை நீளமானதல்ல.

உங்கள் நாட்கள் நீளட்டும். நடக்கும் கால்களில் வலியின்றி, நெஞ்சில் அடைப்பின்றி, பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நிம்மதியாக வாழ்வீர்களாக! வியாழக்கிழமை எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் கவலைப்படாதீர்கள். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

பயத்தோடும் பேரன்போடும்,
மலர்விழி, பெலிக்ஸ், அனிஷா, முத்துக்கிருஷ்ணன்
களப்பணியாளர்கள், திண்டுக்கல்