ஒரு பாயிண்டும் விட்டுக்கொடுக்காத மடிப்பு அக்காவுக்கு

மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளராகப் பணிநிறைவு பெறும் எங்கள் மடிப்பு அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

வெண்மைக்கு விளக்கம் தந்தவரே! வெந்நீருக்கும் வேலைக்கும் வியர்வைக்கும் அஞ்சாத வீராங்கனையே! சுருக்கங்களின் சத்துருவே! மலைபோல் குவிந்த மூட்டைகளை மாலைக்குள் மடித்தடுக்கிய மாண்பே! வணக்கம்.

பிறந்த குழந்தையைப் பொதிந்த பூந்துவாலையும், அறுவை அறையின் பச்சை அங்கியும், ஆறாத நோயில் அயர்ந்து கிடந்தவரின் அடியில் விரித்த விரிப்பும், தங்கள் கண்ணுக்குத் தப்பி இந்தக் கட்டடத்தின் ஒரு கட்டிலுக்கும் போனதில்லை. கறையோடு வந்ததைக் கடிந்துகொள்ளாமல் வெளுத்தீர்கள். கிழிந்து வந்ததைக் கழித்துவிடாமல் தைக்கக் கொடுத்தீர்கள். பிழையோடு வந்த எங்களையும் அப்படியே நடத்தினீர்கள், ஆனால் எங்களை மட்டும் நன்றாகக் கடிந்துகொண்டீர்கள்.

இப்படியே இரண்டு பக்கம் எழுத எங்களுக்கு வரும். எழுதியும் வைத்திருந்தோம். ஆனால் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் “மெஷின்ல துணி கிடக்கு” என்று தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே தங்களை மாலையோடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சற்று நேரம் சபையோரைப் பார்த்துப் பேசப் போகிறோம். பேச்சு தங்களைப் பற்றித்தான். காதில் விழாததுபோல் இருந்துகொள்ளுங்கள்.

சபையோரே, எங்கள் பிரிவில் ஒரு நீண்ட மேஜை உண்டு. காலையில் அதில் விரிப்பு மடிப்போம். சாப்பாட்டு இடைவேளையில் நடுவே இரண்டு பினாயில் டப்பாக்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணியை இழுத்துக் கட்டினால், அதுவே டேபிள் டென்னிஸ் மேஜை. மட்டைகள் இஸ்திரிப் பலகைக்கு அடியில் இருக்கும். பந்து நசுங்கினால் கவலையில்லை. வெந்நீர்த் தொட்டியில் போட்டால் உப்பி எழுந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு பந்து ஏழு உயிரோடு வாழும்.

இந்த மேஜையின் மன்னர், எதிர்க் கட்டடத்து மருந்தாளர். மருந்தை அளக்கும்போது ஒரு சொட்டு கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார் என்பதால் அவருக்குச் சொட்டு சார் என்று பெயர். ஆட்டத்திலும் அதே கை, அதே கணக்கு. பிறந்தநாள் கொண்டாடுகிறவரைப் பூஜ்யத்தில் தோற்கடித்துவிட்டு, அவர் நீட்டுகிற கேக்கையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனிதர். அக்கா அந்நாளில் ஆட்டத்தின் பக்கமே வந்ததில்லை. மேஜையில் கீறல் விழுந்தால் துணி மாட்டிக் கிழியும் என்று எல்லோரையும் விரட்டுவதுதான் அவர் ஆடிய ஆட்டம்.

அப்புறம் அந்த விபத்து. இஸ்திரி போடும் சூடான உருளை இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்த விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். அக்கா நீவப் போனார். உருளை வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரம் தம்பி பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்ததால் கை பிழைத்தது. தீப்புண் ஆறியது, தோல் கூடியது, விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. ஊர்த்துணியெல்லாம் மடித்தவருக்குத் தன் விரலை மடிக்க முடியவில்லை.

மருத்துவக் குழு ஒருநாள் கையைச் சோதிக்கும். பிடி திரும்பியிருந்தால் சலவையில் தொடரலாம், இல்லையென்றால் நிலவறையில் இருக்கும் ரிக்கார்டு ரூமுக்கு மாற்றம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அக்காவுக்குச் சம்பளம் குறையாது, உட்கார நாற்காலியும் உண்டு. பலருக்கு அது யோகம். அக்காவுக்கு அது நாடுகடத்தல்.

“காகிதத்தோட உக்காந்து நான் என்னத்தைப் பேசுறது?” என்று வீட்டுக்காரரிடம் புலம்பினார். “அதுங்களும் சுருங்கித்தான் கிடக்கும். நீவக்கூட விடமாட்டாங்க.”

பயிற்சிக்காகப் பிசியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். “நான் என்ன மாவா பிசையறேன்?” என்று அக்கா அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். யாரும் பார்க்காதபோது எடுத்து அமுக்கிப் பார்ப்பார். விரல்கள் பாதி வழியில் நின்றுவிடும். மறுபடியும் உள்ளே போட்டு மூடிவிடுவார். இழுப்பறை மூடும் சத்தத்திலேயே அன்றைய நிலவரம் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. “அக்கா, நீங்க சும்மா நின்னா போதும்” என்று டிரம் தம்பி கெஞ்சினான். அக்கா நின்றார். முதல் பந்துக்கே மட்டை கையை விட்டுப் பறந்து, சொட்டு சாரின் திறந்த சாப்பாட்டு டப்பாவில் போய் இறங்கியது. சொட்டு சார் மட்டையை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, திருப்பி நீட்டினார்.

“மட்டை பறந்தா பாயிண்ட் எனக்கு” என்றார்.

எல்லோரும் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். அக்காவோ விபத்துக்குப் பிறகு முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் தானாகவே வந்து நின்றார். எங்கள் தையல்காரம்மா கட்டுத்துணியால் மட்டையை அவர் கையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார்.

அன்றிலிருந்து பிரிவு முழுவதும் அக்காவிடம் தோற்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் ஜெயிக்கிறவர்கள் பந்தை மேஜைக்கு வெளியே தட்டினார்கள். அக்கா சில நாள் பொறுத்துப் பார்த்தார்.

“என் கைதான் போச்சு, கண்ணு போகலை” என்றார். “நீங்க யாரும் இனிமே என்கூட ஆட வேண்டாம். சொட்டு சார் மட்டும் வரட்டும்.”

சொட்டு சார் வந்தார். நாள் தவறாமல் வந்தார். நாள் தவறாமல் அக்காவைப் பூஜ்யத்தில் தோற்கடித்தார். பந்தை அக்காவின் கை எட்டாத மூலைக்கே அனுப்பினார். எட்டத் தொடங்கியதும் வேறு மூலை பார்த்தார். தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மருந்தக ஜன்னலுக்கே போய்விட்டார்.

“உங்களுக்கு நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கா சார்? பாவம் சார் அது.”

“அந்தம்மா ஆட வர்றாங்க” என்றார் சொட்டு சார், மாத்திரை எண்ணுவதை நிறுத்தாமல். “ஆறுதலுக்கு வரலை.”

அக்காவுக்கு வீட்டிலும் பயிற்சி. சமையலறைச் சுவரில் பந்தைத் தட்டித் தட்டி எடுப்பார். வீட்டுக்காரர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், “சுவர் ஜெயிக்குதா, நீ ஜெயிக்கிறியா?” என்று கேட்பார். கட்டுத்துணியின் சுற்றுகள் மெல்ல மெல்லக் குறைந்தன. ஒருநாள் அக்கா கட்டு இல்லாமலேயே மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அன்றும் பூஜ்யம்தான். ஆனால் மட்டை பறக்கவில்லை.

சோதனைக்கு முதல் நாள் எங்கள் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து ஒரு மடத்தனம் செய்தது. அக்கா தைரியமாகக் குழுவின் முன் போகவேண்டும். அதற்கு இன்று ஒரு பாயிண்டாவது அவர் எடுக்கவேண்டும். சொட்டு சார் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் மருந்தகத்துக்கு நடந்தோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா. சொட்டு சார் தலையாட்டிவிட்டார்.

அளந்து ஊற்றத் தெரிந்தவருக்கு நடிக்கத் தெரியவில்லை. ஆட்டத்தின் நடுவே, சின்னப் பிள்ளைகூட எடுத்துவிடக்கூடிய ஒரு பந்தை வலையில் கொண்டுபோய் இடித்துவிட்டு, “அடடா, போச்சே” என்று வேறு சொன்னார். நாங்கள் கைதட்டினோம். அக்கா கைதட்டல் முடியும்வரை நின்றார். பிறகு மட்டையை மேஜைமேல் வைத்தார்.

“நீங்களுமா சார்? அப்போ என் கை போயிருச்சுன்னு நீங்களும் முடிவு பண்ணிட்டீங்க.”

அன்று பிற்பகல் டிரம் தம்பியோடு சேர்ந்து ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தபோது, அது அவர் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். மீண்டும் நழுவியது. பல வாரங்களாக நழுவாத துணி அது. அவர் இழுப்பறையைத் திறந்து தன் டம்ளரையும் சீப்பையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, எங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

மறுநாள் காலை, மருந்தகம் திறப்பதற்கு முன்பே சொட்டு சார் சலவைப் பிரிவின் வாசலில் நின்றார். கையில் இரண்டு மட்டைகள்.

“நேத்து நான் ஆடினது மருந்துல தண்ணி கலந்த மாதிரி” என்றார். “வாழ்க்கையில ஒரு தடவைதான் செஞ்சேன். இனி செய்யமாட்டேன். வாங்க.”

அக்கா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு டப்பாக்களை நிறுத்தி வலையைக் கட்டினார். இருந்த ஒரே பந்து நசுங்கியிருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்து, ஈரத்தோடே ஆரம்பித்தார்கள். சொட்டு சார் அன்றுபோல என்றும் ஆடியதில்லை. பந்து இடி மாதிரி இறங்கியது; நசுங்க நசுங்க வெந்நீரில் போட்டு எடுத்தார்கள். அக்கா தோற்றுக்கொண்டே இருந்தார், தோற்கத் தோற்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் அக்கா அடித்த ஒரு பந்து எதிர் ஓரத்தில் எங்கோ பட்டுச் சட்டென்று கீழே விழுந்தது.

“பட்டுச்சு” என்றார் அக்கா.

“படலை. பட்டாலும் பக்கத்துல பட்டுச்சு, மேல படலை.”

“மேலதான் சார் பட்டுச்சு.”

குழு கூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சொட்டு சாருக்கு அவசரமே இல்லை. மேஜையைச் சுற்றி வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து பலகையின் ஓரத்தைப் பார்த்தார். மேல்விளிம்பில் ஒரு பொட்டு அளவு ஈரம் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“உங்க பாயிண்ட்” என்றார், மனசே இல்லாமல்.

அக்கா அந்த ஆட்டத்திலும் தோற்றார். நேரே குழுவின் முன் போய் நின்றார். பெரிய டாக்டர் தன் இரண்டு விரல்களை நீட்டி, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அக்கா கையில் இன்னும் ஆட்டத்தின் சூடு இருந்தது.

“போதும்மா, போதும்” என்றார் டாக்டர். “நாளைக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு, அந்த விரல் வேணும்.”

வாசலில் காத்திருந்த டிரம் தம்பி, “என்னக்கா ஆச்சு?” என்று ஓடிவந்தான். “ஒரு பாயிண்ட் எடுத்தேன்டா” என்றார் அக்கா. சலவையில் நீடித்த செய்தியை அதற்கு அப்புறம்தான் சொன்னார். டம்ளரும் சீப்பும் இழுப்பறைக்குத் திரும்பின. இந்த வாரம்தான் அவை மறுபடியும் வெளியே வந்தன.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் இருவரும் ஆடினார்கள். எங்கள் மேஜையில் ஆடிய ஆட்டங்களில் ஒன்றில்கூட அக்கா அவரை வென்றதில்லை. இதை மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. எழுதாவிட்டால் அக்கா ஒப்புக்கொள்ளமாட்டார் என்று எழுதிவிட்டோம்.

சொட்டு சார் முன்பே ஓய்வுபெற்றுவிட்டார். போன ஆண்டு பக்கவாதம் அவர் வலது கையைத் தொட்டது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் பழம் வாங்கிப் போனார்கள், மெல்லப் பேசினார்கள், தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அக்கா மட்டும் ஒரு மட்டையும் ஒரு சுருள் கட்டுத்துணியும் கொண்டு போனார். சாப்பாட்டு மேஜையில் வலை கட்டினார். மட்டையை அவர் கையோடு சேர்த்துக் கட்டினார். முதல் பந்துக்கே மட்டை கழன்று பறந்தது.

“மட்டை பறந்தா பாயிண்ட் எனக்கு” என்றார் அக்கா.

ஞாயிறுதோறும் இது நடக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், சொட்டு சாரின் மனைவி ஒருநாள் எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் புகார் செய்தார்.

“உங்க அக்காவுக்கு ஈவிரக்கமே கிடையாதா? முடியாத மனுஷனை வாரா வாரம் பூஜ்யத்துல தோக்கடிச்சிட்டுப் போறாங்க. இவர் என்னடான்னா, திங்கட்கிழமையே எழுந்து அடுத்த ஞாயிறு எப்பன்னு கேக்குறார்.”

சென்ற மாதம் அவரே மறுபடி அழைத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. “இன்னைக்கு இவர் ஒரு பாயிண்ட் எடுத்தார். உங்க அக்கா விட்டாங்களா? படலைன்னு ஒரே வாதம். மேஜைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்த்துட்டு, அப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. மத்தியானம் கரண்டியை இவரே பிடிச்சுச் சாப்பிட்டார்.”

அக்கா, இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துவாலை வேண்டுமென்றால் இந்த அறையில் பஞ்சமில்லை.

விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்று படித்தோம். விட்டுக்கொடுக்காமல் இருப்பதிலும் ஒரு பேரன்பு உண்டு என்பதைத் தங்களிடமும் சொட்டு சாரிடமும் கற்றோம். பிடித்த கை தளராமலும், பேசும் பேச்சு குறையாமலும், வீட்டுக்காரரோடும் சமையலறைச் சுவரோடும் பல்லாண்டு நலமே வாழ்க! ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய வாய்க்க!

இந்த மடலைச் சட்டமிட்டுத் தந்திருக்கிறோம். கீழே எங்கள் கையெழுத்துகளுக்கெல்லாம் மேலாக, மேலும் கீழுமாக நெளிந்து ஒரு கோடு ஓடுவதைக் காண்பீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சொட்டு சார், பிடித்து உதவ வந்தவர்களையெல்லாம் தள்ளிவிட்டு, தம் வலது கையாலேயே இட்ட கையெழுத்து அது. பழக்கதோஷத்தில் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி அதை நீவிவிடாதீர்கள் அக்கா. அது சுருக்கம் இல்லை.

இப்படிக்கு,
என்றும் தங்களிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்
சலவைப் பிரிவு ஊழியர்கள்