பெல்ட் தளர்ந்த டேப்பில் கேட்ட ஆல்பம்

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் ஹெட்போனைக் காதில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். திடீரென்று பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம் சொன்னார்:

“லிப்ஸ்டிக் போட்டுப் பாடுன அந்த வெள்ளைக்காரப் பயலுகளுக்கு நாம அநியாயம் பண்ணிட்டோம்டா.”

“என்ன அநியாயம்?”

“அவங்க மூணாவது ஆல்பத்த இழுவைன்னோம்ல. இப்ப போன்ல கேளு. மெட்டல் மியூசிக்னா இதுதான்.”

கூட்டாளி வாங்கிக் கேட்டார். சின்னமனூர் தாண்டும்வரை திருப்பித் தரவில்லை.

“இம்புட்டு வேகமா இருக்கு. அன்னைக்கு ஏன் இழுத்துச்சு?”

“அந்த கேசட் வாங்குன நேரம் உங்க கடை டேப்புல பெல்ட் தளந்து மெதுவா ஓடுச்சு. நம்ம அதுலதான கேட்டோம்.”

“சாமுவேல் மட்டும் நல்லாருக்குன்னான்.”

“அவன் வீட்டு டேப்புல கேட்டான். ரசனை இல்லாதவன்னு நம்ம மியூசிக் பேண்டை விட்டே வெரட்டுனோம்.”

“இன்னைக்கு அவன் மக நிச்சயத்துக்குத்தான போறோம். நீ சொன்னதுதான் சரின்னு அவன்கிட்ட சொல்லிருவோம்.”

“எப்படிச் சொல்ல? இப்ப அவரு பாஸ்டரு. போன வாரம்கூட அதே ஆல்பத்தப் பேர் சொல்லி, பிசாசுப் பாட்டுன்னு பிரசங்கம் பண்ணுனாகளாம்.”

கூட்டாளி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“பேரை மறக்கல பாத்தியா.”