ஈட், ஏட், ஈட்டன் வரைக்கும்

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஒருத்தி பெரிய பையோடு வெளியூரிலிருந்து வருகிறாள். மற்றவள் நடவு முடித்து வீட்டுக்குப் போகிறாள், மடியில் தூக்குவாளி.

“நடவுல நாங்க இன்னும் பிகின், பிகேன், பிகன்னு சொல்லிக்கினுதான் நடறோம்” என்றாள் நடவுக்காரி.

“இன்னாது? இங்கிலீஷ் கிளாஸ்ல கைய கட்டிக்கினு கத்துவமே, அதுவா?”

“அதேதான். ஒரு வார்த்தைக்கு ஒரு குத்து நாத்து. கை தானா போவும். கூட நடற பொம்பளைங்களுக்கும் மனப்பாடம்.”

பைக்காரி சிரித்தாள். “மொத்தமுமா சொல்றீங்க?”

“ஈட், ஏட், ஈட்டன் வரைக்கும். அப்பறம் திருப்பி மொதல்லர்ந்து.”

“அதுக்கு மேல எவ்ளோ இருக்குதுடி.”

“இருக்கும். டீச்சர் அது வரைக்கும் நடத்துனப்பதான எங்கம்மா என்னிய நடவுக்கு இட்டுக்கினு போய்டுச்சி.”

பஸ் வடக்கனந்தல் தாண்டியது. பிறகு பைக்காரி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஃபால், ஃபெல், ஃபாலன்.”

நடவுக்காரியின் விரல்கள் தூக்குவாளியின் மூடியில் மூன்று முறை குத்தின.

“கைக்கு சேருது” என்றாள். “அடுத்தத சொல்லு.”